வாப்பா போகாத வியாழக்கிழமை

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

தரம் ஒன்பதுக்கு நான் எழுதுகிற கணித வினாத்தாள் அரைவாசியில் நிற்கிறது. மீன் கழுவிக்கொண்டிருந்தபோது என் கணவர் சப்ரி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கே வந்துவிட்டார். வரி குறைந்த, செலவு குறைந்த நாடுகளின் பட்டியல். பதினொரு நாடுகள். அதில் நான்கின் பெயரை நான் தேசப்படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது வருடமாக எங்கள் பின்னறையில் இருந்தபடி இரண்டு அவுஸ்திரேலியக் கம்பனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறார். வருகிற ஏப்ரலில் இருந்து அந்த வருமானத்துக்கும் பதினைந்து வீதம் வரியாம். வரி மட்டும் காரணமில்லை என்கிறார். இருபத்திரண்டாம் ஆண்டு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் மூன்றாவது கம்பனி ஒன்று அவரை விட்டுப் போனது. அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. பிழை என்று நான் எப்படிச் சொல்ல?

சாய்ந்தமருதில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். அது வேலைக்குப் போவது. போனவர்கள் திரும்பி வருவார்கள். சப்ரி கதைப்பது வேறு. வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, எல்லாருமாகப் போய்விடுவது.

மீன் பழுதாகிப்போகும் என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

பெப்ரவரி 13, வியாழன்

பாடசாலை விட்டு ஓடிவந்து, வாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. திங்களும் வியாழனும் இரண்டரைக்கு எங்கள் முறை. நான்கு மணித்தியாலம் இரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பி வரும். இரண்டு வருடமாகிறது. இடது கையில் ஊசி ஏற்றும் இடம் கயிறு சுற்றியதுபோல் புடைத்து நிற்கிறது.

ஊசியைவிட வாப்பாவுக்குத் தாகம்தான் பெரிய பாடு. சிறுநீர் போகாததால் ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் குடிக்கலாம். நான்தான் அளந்து கொடுக்கிறேன். பெற்ற தகப்பனுக்குத் தண்ணீர் அளக்கிற மகள்.

முப்பத்தொரு வருடம் கல்முனை–கொழும்பு பஸ் ஓட்டிய மனிசன். இப்போது படுக்கையில் கிடந்து சீலிங்கைப் பார்க்கிறார்.

மார்ச் 2

முதல் நோன்பு. வாப்பாவுக்கு நோன்பு பிடிக்க ஏலாது. எங்களுக்கு முன்னால் சாப்பிட வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சப்ரி முடிவெடுத்துவிட்டார். ஜோர்ஜியா. பட்டுமி என்று கடற்கரை நகரம். சிறு தொழில் என்று பதிந்தால் ஒரு வீதம்தான் வரி. வாடகை கொழும்பைவிடக் குறைவு. கடல் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, முஸ்லிம்களும் இருக்கிறார்கள். எல்லாம் தேடிப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். எனக்காகவே கடலுள்ள ஊரைத் தேடினாராம்.

வாப்பாவிடம் அவரே சொன்னார். வாப்பா கேட்டது ஒன்றுதான்:

"எத்தின மணித்தியாலம் மருமகன்?"

ரெண்டு பிளேன் மாறி, காத்திருக்கிறதும் சேர்த்து இருவது என்றார் சப்ரி.

"ஒருக்காக் கொழும்புக்குப் போய்த் திரும்பி வாற நேரம். அது தூரமில்ல."

சொல்லிவிட்டு நஸ்லாவைக் கூப்பிட்டு, எங்கே என்று உலகப் படத்தில் காட்டச் சொன்னார். எங்கள் பத்து வயதுப் பிள்ளை, எதையோ தொட்டுக் காட்டினாள். அது துருக்கி. நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

சப்ரி முன்னால் போவது, "மாமாட விசயம் ஒரு முடிவுக்கு வந்ததும்" நானும் நஸ்லாவும் போவது. இதுதான் ஏற்பாடு.

முடிவு என்றால் என்ன? நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் நான்கு மணித்தியாலம் அந்தச் சொல்லோடு இருந்தேன்.

ஏப்ரல் 27

பர்ஸான் காக்காவோடு தொலைபேசியில் கதைத்தேன். என் ஒரே சகோதரம். கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். நான்காம் மாடி, இரண்டு அறை, லிஃப்ட் இல்லை. வாப்பாவை ஏற்றி இறக்க ஏலாது; அங்கே டயலிசிஸுக்கு இடமும் கிடைக்காது என்றார். எல்லாம் உண்மைதான். கடைசியில், "உம்மா மவுத்தாகக்குள்ள இந்த வீட்ட உனக்குத்தானே எழுதின" என்றார்.

எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான். வீட்டோடு வாப்பாவும் மகளுக்குத்தான். இதில் யாரோடு சண்டை பிடிக்க?

ஜூன் 12, வியாழன்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள். சப்ரி காலையிலேயே போய்விட்டார். வாசலில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வாப்பா, "காலி வீதியால போகாத, ஹைவேயால போ" என்று வேன்காரனுக்கு வழி சொன்னார். விமான நிலையத்துக்குப் போகிற அந்த வேன், கொழும்புக் காலி வீதிப் பக்கமே போகாது. கதைக்க வேறு ஒன்றும் வரவில்லை போல.

இரண்டரைக்கு நாங்கள் வழமைபோல ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

ஜூன் 29

கமராவில் கடலைக் காட்டினார். மணலே இல்லை. முழுக்கக் கூழாங்கல். நஸ்லா, "எப்பிடி வாப்பா வெறுங்காலோட நடக்கிற?" என்று கேட்டாள். செருப்புப் போட்டு நடப்பார்களாம்.

நன்றாக இருக்கிறார். நன்றாக இருக்கட்டும். பின்னறைக் கதவைத் திறக்க மனமில்லாமல் நாளுக்கு நாலு தரம் அதைத் தாண்டிப் போகிறேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இன்றைக்கு நடந்தது என் பிழை. எழுதி வைக்கிறேன்.

ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க மா. சப்ரி எடுத்தார். ஸ்பீக்கரில் போடு என்று நஸ்லாவிடம் சொன்னது நான்தான். அவருக்கு அது தெரியாது. காய்ச்சலாம், மூன்று நாளாகத் தனியே கிடந்திருக்கிறார். குரல் உடைந்திருந்தது.

"நான் எத்தின வருஷம் இப்பிடித் தனியக் கிடக்கிற, றுமைஸா? டொக்டரிட்டக் கேட்டியா? இது இன்னும் எவ்வளவு காலத்துக்கு இழுக்கும்?"

பாய்ந்து போய்த் தொலைபேசியை அமத்தினேன். திரை முழுக்க மா. வாப்பா முன்னறையில் கதிரையில் இருந்தார். கண் மூடியிருந்தது. நித்திரை என்று நினைத்தேன். நித்திரை என்றுதான் நினைக்க விரும்பினேன்.

பிறகு எடுத்து, ஸ்பீக்கரில் இருந்ததைச் சப்ரியிடம் சொன்னபோது அழுதார். காய்ச்சல் புத்தியில் வந்த வார்த்தை, மாமாட்ட மன்னிப்புக் கேக்கிறன் என்றார். வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்டால், வாப்பாவின் காதில் விழுந்தது உறுதியாகிவிடும்.

ஓகஸ்ட் 11, திங்கள்

தாதி சிவரூபினி என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டாள். இரண்டு வருடமாக வாப்பாவுக்கு ஊசி ஏற்றுகிறவள், காரைதீவுப் பிள்ளை.

"ரீச்சர், வீட்டில ஏதும் பிரச்சினையா? ஐயா போன கிழமை எனக்கிட்டக் கேட்டவர், இத நிப்பாட்டினா ஒரு ஆள் எத்தின நாளைக்கு இருப்பார் எண்டு. ஆருக்கோ கேக்கிற மாதிரிக் கேட்டவர்."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். டொக்டரிடம் கேளுங்க என்று சொல்லி விட்டாளாம். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு வரவில்லை.

ஓட்டோவில் வரும்போது வாப்பாவிடம் கேட்க வாயெடுத்தேன். அவர் ஓட்டோக்காரனுக்கு, கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓகஸ்ட் 21, வியாழன்

வாப்பா போகவில்லை.

ஓட்டோ வாசலில் நிற்கிறது. சாரம் மாற்றவில்லை, தொப்பி போடவில்லை, கதிரையில் அப்படியே இருக்கிறார். "ஓட்டோவ அனுப்பு மகள். நான் இனி வரல்ல."

சுகமில்லையா என்றேன். இல்லை. ஊசி நோகிறதா என்றேன். இல்லை. நாளைக்குப் போவோமா? இல்லை. வரல்ல எண்டா வரல்ல.

கெஞ்சினேன். ஏசினேன். நஸ்லாவை விட்டுக் கேட்க வைத்தேன் — அதுவும் செய்தேன். தூக்கிப் போக அடுத்த வீட்டு ஆட்களைக் கூப்பிடப் பார்த்தேன். அப்போதுதான் குரலை உயர்த்தினார். "என்னய மாடு மாதிரிக் கட்டித் தூக்கிட்டுப் போகப் போறியா?"

ஓட்டோ போய்விட்டது. நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்ற நான்? ஆரிட்டப் போய்ச் செல்ற?

ஓகஸ்ட் 22, வெள்ளி

டொக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனிசன். வாப்பாவோடு அரை மணி நேரம் தனியாகக் கதைத்தார். வெளியே வந்து சொன்னார்: புத்தி தெளிவாக இருக்கிறது, என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும், பலவந்தமாக ஊசி ஏற்ற முடியாது. மனம் மாறினால் எந்த நேரமும் கொண்டுவரலாம், இடத்தை இரண்டு கிழமைக்கு வைத்திருப்பார்கள்.

எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு கிழமை, பத்து நாள், சிலருக்குக் கொஞ்சம் கூட.

சப்ரிக்குச் சொன்னேன். "போன மாமாட்ட ஒருக்காக் குடு" என்றார். வாப்பா போனை வாங்கவில்லை. கோபமில்லை, சப்ரிக்கு ஸலாம் சொல்லு என்றார்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

பர்ஸான் காக்கா வந்தார். ஒரு மணித்தியாலம் வாப்பாவின் காலடியில் இருந்து அழுதார். மறுகா குசினிக்கு வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"நீ போறதுக்குத்தானே மனிசன் இதச் செய்ற?"

"நான் வாப்பாவப் போகச் செல்லல்ல காக்கா."

"இருக்கச் சொன்னியா?"

நான் போகவில்லை என்று வாப்பாவிடம் ஒரு தரம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஏப்ரலில் இருந்து ஒரு தரம்கூட. உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். இல்லை.

பின்னேரமே ஓடிப்போய்ச் சொன்னேன். "வாப்பா, நான் எங்கயும் போகல்ல. சப்ரி திரும்பி வரட்டும். நாளைக்குத் திங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவம்." என் தலையைத் தடவினார். நான்கு மாதம் பிந்திப் போன வார்த்தை அது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஓகஸ்ட் 25, திங்கள்

ஓட்டோவை வரச் சொல்லியிருந்தேன். அனுப்பிவிட்டார்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

கால் வீங்கி, முகம் ஊதியிருக்கிறது. ஆனால் வாப்பா சந்தோசமாக இருக்கிறார். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் அதுதான் நடக்கிறது. தண்ணீரை அளக்காமல் குடிக்கிறார். குவளையைப் பிடித்து, மூச்சு விடாமல், சின்னப் பிள்ளைபோல.

காலையில் குரும்பை இளநீர் கேட்டார். இரண்டு வருடமாகத் தொடாதது. அதிலுள்ள பொட்டாசியம் இருதயத்தை நிறுத்திவிடும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். டொக்டருக்கு எடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் கேட்பதைக் கொடுங்க ரீச்சர் என்றார்.

காக்கா மாட்டேன் என்று வெளியே போய்விட்டார். நான் சந்தையில் போய் வாங்கிவந்து, நானே வெட்டி, நானே ஊற்றிக் கொடுத்தேன். பிஸ்மி சொல்லிக் குடித்தார். "நல்ல இனிப்பு" என்றார்.

இந்தக் கையால்தான் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 27

மௌலவியிடம் ஆள் விட்டுக் கேட்டேன், இது பாவமா என்று. நேராகப் பதில் சொல்லவில்லை. அல்லாஹ் மனசுகளை அறிந்தவன், மகளைத் துஆச் செய்யச் சொல்லுங்க என்றாராம்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

மூச்சு வாங்குகிறது. நித்திரைதான் கூட. ஜும்ஆ முடிந்த நேரம் கண் விழித்தார். வீட்டில் நானும் அவரும் மட்டும்.

கேட்டுவிட்டேன். "வாப்பா, எனக்காகவா?"

நான் எதிர்பார்த்தது வேறு. ஓம் என்பார், அல்லது இல்லை என்பார். அவருக்குக் கோபம்தான் வந்தது. "எல்லாம் உனக்காகத்தான் நடக்குதெண்டு நினைக்காத. என்ட உடம்பு. எனக்குப் போதும்." மூச்சு எடுக்க நின்றார். பிறகு, "அவனத் தனிய விடாத" என்றார்.

இரண்டில் எது உண்மை? முதல் சொன்னதா, பிறகு சொன்னதா?

ஓகஸ்ட் 31, ஞாயிறு

அஸர் தொழுகைக்குச் சற்று முன் வாப்பா மவுத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். காக்கா கலிமா சொல்லிக் கொடுத்தார். நான் வாயில் தண்ணீர் விட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

ஞாயிறன்றே இஷாத் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். பெண்கள் நாங்கள் வீட்டில். ஜனாஸாவைத் தூக்கியபோது சப்ரி போனில் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த வீட்டுப் பையன் பிடித்துக் காட்டினான். வதிவிட அனுமதி விண்ணப்பம் நடுவில் நிற்கிறதாம். நாட்டை விட்டு வெளியேறினால் எல்லாம் முதலில் இருந்து. அதுவும் சரிதான். பிளேன் பிடித்திருந்தாலும் ஜனாஸாவுக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

ஆனாலும் ஒன்று. எதிர்வீட்டு மனிசனின் கடவுச்சீட்டு கட்டாரில் முதலாளியின் கையில். அவன் தகப்பன் மவுத்துக்கு மூன்றாம் நாள் வந்து நின்றான். சப்ரிக்கு முதலாளியும் இல்லை, ஒருவரும் இல்லை. அவரால்தான் வர முடியவில்லை.

சிவரூபினி வந்திருந்தாள். கடைசித் திங்களன்று வாப்பா அவளிடம், "உங்கட கை நோகாத கை, பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போது அவளுக்கு விளங்கவில்லையாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சப்ரி மிகவும் கவனமாகக் கதைக்கிறார். ஒவ்வொரு வார்த்தையும் பார்த்துப் பார்த்து. நானும்தான். இன்றைக்கு நஸ்லா கேட்டாள்: "இனி நாம ஜோர்ஜியாவுக்கு வாப்பாட்டப் போகலாந்தானே?"

அவள்தான் கேட்டாள். எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்ததை.

செப்டம்பர் 22, திங்கள்

ஆசிரியர் ஓய்வறையில் நான் நுழைந்ததும் கதை நின்றது. ஆள் யார் என்று எழுத விருப்பமில்லை. "தகப்பன முடிச்சிட்டு வெளிநாடு போறா" என்று ஊரில் ஓடுகிறதாம். ஒருவர் வந்து, நான் அதை நம்பல்ல ரீச்சர் என்று ஆறுதல் சொன்னார். அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

இரண்டரை மணிக்கு எழும்பி நின்றேன். எங்கே போவதற்கு என்று பிறகுதான் யோசித்தேன். திங்கட்கிழமை.

ஒக்டோபர் 19

போகாமல் விட்டால் என்ன? இன்றைக்கு முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

போகாமல் விட்டால் வாப்பா செய்தது வீண். போனால், ஊர் சொல்வது சரி. சப்ரியிடம், கொஞ்ச நாள் பொறுங்க என்றேன். "பொறுக்கிறன். எவ்வளவு நாளெண்டு மட்டும் செல்லு" என்றார். அவருடைய குரலில் கெடுதி இல்லை. தனிமைதான் இருந்தது. அவனத் தனிய விடாத.

சம்பளமில்லா விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில்: குடும்பத்துடன் இணைதல்.

நவம்பர் 30

வெள்ளம். நான்கு நாளாக வலையமைப்பு இல்லை. சப்ரியோடு கதைக்கவில்லை. அவர் பயந்துபோய் இருப்பார்.

பயந்திருப்பார் என்று தெரிந்தும், இந்த நான்கு நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருக்கும் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

2026 ஜனவரி 20, செவ்வாய்

விடுமுறை வந்துவிட்டது. விசா வந்துவிட்டது. வீட்டுக்கு வாடகைக்கு ஒரு வங்கி உத்தியோகத்தர் குடும்பம் வருகிறது. முன்னறையைப் பிள்ளையின் படிப்பறையாக்கப் போகிறார்களாம். நல்லது என்றேன்.

நாளைக்குப் பயணம். காக்கா நான்கு மாதத்துக்குப் பிறகு எடுத்தார். கொழும்பில் வந்து தங்கு என்று சொல்லவில்லை. "பாத்துப் போ" என்றார். வைத்துவிட்டார்.

வாப்பாவை அடக்கிய மையவாடி மதிலோரம் ஓட்டோவை நிற்பாட்டி, உள்ளே இருந்தபடியே ஓதினேன்.

ஜனவரி 24, சனி. பட்டுமி

குளிர். நஸ்லா சப்ரியின் கழுத்தை விடவேயில்லை. அவர் இளைத்துவிட்டார். காதோரம் நரை. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

ஒன்பதாம் மாடி. கடல் தெரிகிறது. வீடு சுத்தமாக இருக்கிறது. எனக்கென்று அம்மியளவு ஒரு கிரைண்டர்கூட வாங்கி வைத்திருக்கிறார்.

பெப்ரவரி 22, ஞாயிறு

நோன்பு நான்கு. பின்னேரம் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். சப்ரி மடிக்கணினியோடு குசினி மேசையில் வந்து இருந்தார்.

மார்ச் முதல் இங்கே புதுச் சட்டமாம். வெளிநாட்டுக்காரர் சொந்தத் தொழில் செய்யவும் தனி அனுமதி எடுக்க வேண்டுமாம். கிடைக்குமோ, கிடைக்காதோ, கிடைத்தாலும் முந்திய சலுகை நிற்குமோ, ஒருவருக்கும் தெரியவில்லை. தனக்குத் தெரிந்தவர்கள் சிலர் பராகுவேக்கு வெளிக்கிட்டுவிட்டார்கள் என்றார். அங்கே வெளியிலிருந்து வரும் வருமானத்துக்கு வரியே இல்லையாம்.

"சும்மா பாத்து வைக்கிறன்" என்றார். "இப்ப ஒண்டும் இல்ல."

அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எத்தனை மணித்தியாலம் என்றும் கேட்கவில்லை. அரிசியை அடுப்பில் வைத்தேன். அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "நான் எல்லாருக்கும் நல்லதெண்டுதான் செஞ்ச, றுமைஸா." ஓம் என்றேன். அவர் பொய் சொல்லவில்லை.

நஸ்லாவுக்குச் சொல்லவில்லை. நாளைக்கு அவளுக்குப் பாடசாலையில் ஜோர்ஜிய எழுத்துப் பரீட்சை. முப்பத்து மூன்று எழுத்து, எல்லாம் வளைவும் கொக்கியும். கொப்பியைக் கொண்டுவந்து, "ரீச்சர் மாதிரிப் பாருங்க உம்மா" என்று முன்னால் விரித்து வைத்தாள். சிவப்புப் பேனையை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

அதில் ஓர் எழுத்துக்கூட எனக்குத் தெரியாது.